ஜூனியர் வக்கீலை ஆளாக்குவது: சீனியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் சொந்தமாக அலுவலகம் போட்டு, கூட இரண்டு மூன்று ஜூனியர்களை வைத்து நடத்துகிற சீனியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜூனியராகச் சேரப் போகிறவர்களும் படிக்கலாம். சீனியரிடம் எதைக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவரும்.

வக்கீலாகப் பதிவு செய்யும் முன் கட்டாயப் பயிற்சி என்று நம் நாட்டில் எதுவும் இல்லை. வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் 1995இல் கொண்டுவந்த ஓராண்டுப் பயிற்சி விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் சொல்லிவிட்டது. அதனால் பதிவு முடிந்த மறுநாளே ஒருவர் கறுப்பு கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டில் நிற்கலாம். அவருக்குத் தொழில் பிடிபடுமா என்பது முழுக்க அவர் சேருகிற அலுவலகத்தைப் பொறுத்தது.

பல அலுவலகங்களில் நடப்பது இதுதான். சேர்ந்த இரண்டாம் நாளே, "தம்பி, முன்சீப் கோர்ட்ல ஒரு வாய்தா வாங்கிட்டு வந்துடு" என்று அனுப்புகிறார்கள். வழக்குக் கட்டுக்குள், அதாவது அந்த வழக்கின் கோப்புக்குள், என்ன இருக்கிறது என்று தெரியாமலே அவர் போகிறார். மூன்று வருடம் கழித்தும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அவருக்கு ஆர்வம் இல்லை என்று சீனியர் குறைபட்டுக்கொள்கிறார். உண்மையில் கற்றுக்கொடுத்த வரிசைதான் தலைகீழ். முதலில் கட்டு, அப்புறம் பிரிவு அலுவலகம் (தாக்கலாகும் மனுக்களை வாங்கிச் சரிபார்க்கிற கோர்ட் அலுவலகம்), அதன்பின் கோர்ட் ஹால், அதன்பின் எழுத்து, கடைசியில் சாட்சி விசாரணை. கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் போகின்றன.

1. ஆள் சேர்க்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

முதலில் பணம். நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் ஊரகப் பகுதிகளில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2024இல் பரிந்துரைத்திருக்கிறது. உங்களால் எவ்வளவு முடியும் என்பதைச் சேரும் நாளிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். மாதா மாதம் ஒரே தேதியில் கொடுங்கள். வாழப்பாடியிலிருந்தோ தாரமங்கலத்திலிருந்தோ பஸ்ஸில் வருகிற முதல் தலைமுறை வக்கீலுக்குத் தொகையை விட அந்த நிச்சயம் முக்கியம். "பார்த்துத் தர்றேன்" என்று விட்டால், நல்ல ஜூனியர்தான் முதலில் போய்விடுவார்.

அடுத்தது உங்கள் நேரம். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், கட்சிக்காரர் யாரும் வராத நேரமாகப் பார்த்து ஒதுக்குங்கள். கேஸ் இல்லாதபோது சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தால் அந்த நேரம் வரவே வராது.

பொருட்கள் அதிகம் வேண்டாம். பழைய மூன்று குற்றவியல் சட்டங்களும் புதிய மூன்றும், சிவில் நடைமுறைச் சட்டம், காலவரையறைச் சட்டம், தமிழ்நாடு கோர்ட் கட்டணச் சட்டம் எல்லாம் வெறும் சட்டப் புத்தகமாக, குறிப்புரை இல்லாமல் அவர் மேசையில் இருக்க வேண்டும். குறிப்புரைப் புத்தகத்தில் தொடங்கினால் பிரிவின் வாசகத்தைப் படிக்கும் பழக்கமே வராது. பார் கவுன்சில் தகுதித் தேர்வு எழுதாதவராக இருந்தால் அதற்கும் இதே புத்தகங்கள்தான். பதிவு செய்த இரண்டு ஆண்டுகளுக்குள் அதில் தேற வேண்டும் என்பதால் அந்தக் கடைசித் தேதியை நீங்களும் குறித்து வையுங்கள்.

2. முடிந்துபோன கட்டை முதலில் கையில் கொடுங்கள்

நடந்துகொண்டிருக்கிற கட்டைக் கொடுத்தால் அன்றைக்கு நடக்கிற கட்டம் மட்டும்தான் தெரியும். முடிந்த கட்டில்தான் வழக்கின் தலையும் காலும் தெரியும். நல்ல போட்டியோடு நடந்து ஜெயித்தது ஒன்று, தோற்றது ஒன்று, ராஜியில் முடிந்தது ஒன்று என மூன்று கட்டுகளை எடுத்து வையுங்கள். தோற்ற கட்டைக் கொடுக்கத் தயங்காதீர்கள். அதில் கற்க வேண்டியது மற்ற இரண்டையும் விட அதிகம்.

தீர்ப்பை மட்டும் கட்டிலிருந்து உருவி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பிராது (வாதியின் வழக்குரை), எதிருரை (பிரதிவாதியின் பதில்), ஆவணங்கள், சாட்சியம் என்ற வரிசையில் அவர் படித்து, ஒரு பக்கத்துக்குத் தேதிப் பட்டியலும், எழுவினாக்கள் (கோர்ட் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) என்னென்ன என்பதையும், யார் ஜெயித்திருப்பார் என்பதையும் காரணத்தோடு எழுதட்டும். அப்புறம் தீர்ப்பைக் கொடுங்கள். தான் எழுதியதும் நீதிபதி எழுதியதும் எங்கே பிரிகின்றன என்று பார்க்கும்போது அவருக்குக் கேள்வி பிறக்கும். தீர்ப்பை முதலிலேயே படித்துவிட்டவர், நீதிபதி சொன்னதுதான் ஒரே வழி என்று நினைத்துக்கொள்வார்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஆவணங்களில்தான். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அடங்கல் எல்லாவற்றையும் "ஆவணம்" என்று ஒரே குவியலாகப் பார்ப்பார்கள். எது உரிமையைத் தருவது, எது அனுபவத்தைக் காட்டுவது, எது வரிக்காக வருவாய்த் துறை வைத்திருப்பது என்று மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பட்டா இருந்தால் நிலம் நம்முடையது என்று கட்சிக்காரர்தான் நம்புகிறார் என்றால், சட்டம் படித்தவரும் அதையே நம்பிக்கொண்டு வருவார். இந்த இடத்தில் ஒரு முழு மாலை செலவழியும். செலவழியட்டும்.

3. டைரியை ஒப்படையுங்கள்

அலுவலக டைரியை எழுதும் பொறுப்பு ஜூனியருக்குப் போக வேண்டும். அடுத்த தேதி மட்டும் எழுதினால் போதாது. வழக்கு எண், இ-கோர்ட்ஸில் வழக்கைத் தேட உதவும் பதினாறு எழுத்து சிஎன்ஆர் எண், எந்த ஊர் கோர்ட், எதற்காகப் போட்டிருக்கிறது, அதற்கு முன் நாம் என்ன செய்து முடிக்க வேண்டும், யார் செய்வது என எல்லாமே அதில் வர வேண்டும். 'எதற்காக' என்பது எழுதாமல் விட்டால், முதல் நாள் இரவுதான் சீஃப் விசாரணைக்கான (நம் சாட்சியை நாமே முதலில் விசாரிப்பதற்கான) பிரமாணப் பத்திரம் தயாராகவில்லை என்று தெரியவரும்.

ஊரை எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அஸ்தம்பட்டியில் மட்டும் வேலை என்றால் சமாளிக்கலாம். ஆத்தூர் கிழக்கே, சங்ககிரி தென்மேற்கே, மேட்டூர் இன்னொரு பக்கம். ஒரே காலையில் இரண்டு ஊரில் சாட்சி விசாரணை விழுந்தால் அதை ஒரு வாரம் முன்பே கவனித்துச் சொல்கிற ஆள் டைரி எழுதுகிறவர்தான்.

மாலையில் இ-கோர்ட்ஸ் செயலியில் உள்ள தேதியையும் டைரியையும் ஒப்பிட வேண்டும். செயலியை மட்டும் நம்பி இருப்பதும், காதில் கேட்டதை மட்டும் நம்பி இருப்பதும் இரண்டுமே ஆபத்து. கோர்ட் ஹால் இரைச்சலில் பதினொன்று என்பது பதினேழாகக் கேட்கும். அப்புறம் நாம் இல்லாமலே வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகும், அதாவது வராத நம் தரப்பைக் கேட்காமலே முடிவாகும்.

காலக்கெடுவுக்குத் தனி நோட்டு வேண்டும். அப்பீல், எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யும் மனுவுக்கான 30 நாள், காசோலை வழக்கு நோட்டீஸ் ஆகியவற்றின் கடைசித் தேதியும், அதற்கு ஒரு வாரம் முந்தைய தேதியும் அதில் இருக்க வேண்டும். கணக்கைப் போடுவது ஜூனியர், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது சீனியர். இந்த ஒரு வேலையை மட்டும் எந்தக் காலத்திலும் முழுதாக விட்டுவிடாதீர்கள்.

4. கோர்ட் ஹாலுக்கு முன் பிரிவு அலுவலகம்

ஜூனியரை உங்கள் குமாஸ்தாவோடு ஒரு மாதம் அனுப்புங்கள். கோட்டு போட்டவர் குமாஸ்தா பின்னால் போவதா என்ற தயக்கம் சிலருக்கு இருக்கும். அதை முதல் நாளே பேசித் தீர்த்துவிடுங்கள். "அண்ணா, இது ஏன் ரிட்டர்ன் ஆச்சு?" என்று கேட்கிற ஜூனியருக்கு அந்தக் குமாஸ்தா பத்து வருட அனுபவத்தைச் சொல்லிவிடுவார்.

குறை இருக்கிறது என்று கோர்ட்டிலிருந்து திரும்பி வருகிற பிராதுதான் இங்கே பாடம். ரிட்டர்னில் எழுதியுள்ள ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் அவரே பதில் எழுதி, கொடுத்த கெடுவுக்குள் மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். பாகப்பிரிவினை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு கோர்ட் கட்டணம் மற்றும் தாவா மதிப்பீட்டுச் சட்டம் 1955இன் 37ஆம் பிரிவில் இரண்டு வழி இருக்கிறது. வாதி கூட்டு அனுபவத்தில் இருந்தால் நிலையான கட்டணம். அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தால் அவர் பங்கின் சந்தை மதிப்பில் கட்டணம். பழைய பிராதைப் பார்த்து "கூட்டு அனுபவத்தில் இருந்து வருகிறார்" என்று அப்படியே எழுதிவிடுவார் ஜூனியர். கட்சிக்காரரை அண்ணன் வீட்டை விட்டுத் துரத்திப் பல வருடம் ஆகியிருக்கும். கட்டணப் பிரச்சினை என்று தொடங்குவது குறுக்கு விசாரணையில் வாதியின் உண்மைத்தன்மைப் பிரச்சினையாக மாறிவிடும். வழக்கின் விவரமும் கட்டணமும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பது பிரிவு அலுவலகத்தில்தான் புரியும்.

இன்னும் இரண்டு விஷயங்களைப் பழக்கிவிடுங்கள். எதிர்தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை கிடைத்தால், மனு, பிரமாணப் பத்திரம், பிராது, ஆவணங்களின் நகல்களை உடனே எதிர்தரப்புக்கு அனுப்பி, அனுப்பியதற்கான பிரமாணப் பத்திரத்தை அன்றோ மறுநாளோ தாக்கல் செய்ய வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 39 விதி 3 அப்படித்தான் சொல்கிறது. தடை கிடைத்த சந்தோஷத்தில் அலுவலகமே இதை மறந்துவிடும். எதிர்தரப்பு அதைக் காட்டித் தடையை ரத்து செய்யக் கேட்கும். இரண்டாவது, தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடுவது. நகல் எடுக்க ஆகும் காலம் அப்பீல் கெடுவில் கழிக்கப்படும். மனு போடாமல் சும்மா இருந்த நாட்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

5. கோர்ட் ஹாலில் முதலில் காது, பிறகு வாய்

முதல் இரண்டு வாரம் ஒரே கோர்ட்டில் காலை முழுக்க உட்காரச் சொல்லுங்கள். நீதிபதி எந்த இடத்தில் கேள்வி கேட்டார், வக்கீல் எதைச் சொன்னபோது பேனாவை எடுத்தார் என்று குறித்துக்கொண்டு வரட்டும். மாலையில் அதைக் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருந்தாரா என்பது இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

அப்புறம் பேச விடலாம். யாருக்காக ஆஜராகிறேன், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, என்ன கேட்கிறேன், ஏன் கேட்கிறேன் என்ற நான்கும் ஒரே மூச்சில் வர வேண்டும். "அய்யா, பிரதிவாதி தரப்பில் ஆஜராகிறேன். எதிருரைக்காகப் போட்டிருக்கிறது. தாய்ப் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டிருக்கிறோம், பத்து நாளில் கிடைக்கும். ஒரு வாய்தா வேண்டும்." இவ்வளவுதான். கட்டைப் படித்தவருக்கு இது தானாக வரும்.

"சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்" என்பதைச் சொல்லவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வக்கீல் இன்னொரு கோர்ட்டில் இருப்பது வாய்தாவுக்குக் காரணம் ஆகாது என்று ஆணை 17 விதி 1 நேரடியாகவே சொல்கிறது. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. எதிருரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90 நாள் என்பது ஆணை 8 விதி 1.

சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1999இலும் 2002இலும் வந்த திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனதே நம் சேலம் வழக்கறிஞர் சங்கம்தான். திருத்தங்கள் செல்லும் என்றும், 90 நாள் கெடுவும் மூன்று வாய்தா வரம்பும் அசாதாரணமான சூழ்நிலையில் மட்டும் தளரலாம் என்றும் 2005 தீர்ப்பு சொன்னது. நாடு முழுக்க சட்டக் கல்லூரிகளில் நம் ஊர் பெயரைச் சொல்லிப் படிக்கிற தீர்ப்பு அது. சேலத்து ஜூனியர் அதை முழுதாகப் படிக்காமல் வாய்தா கேட்க எழுந்து நிற்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

6. எழுத்து: நோட்டீஸில் தொடங்கிப் பிராதில் முடியுங்கள்

வக்கீல் நோட்டீஸ், பதில் நோட்டீஸ், இடைக்கால மனு, எதிருரை, பிராது என்பது வரிசை. பிராது ஏன் கடைசி என்று கேட்பார்கள். நாலைந்து எதிருரை எழுதி, மற்றவர் பிராதில் எங்கே ஓட்டை விழும் என்று பார்த்தவர்தான் ஓட்டையில்லாத பிராது எழுதுவார்.

நோட்டீஸ் பழக நம் ஊரில் காசோலை வழக்கை விட நல்லது இல்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரமும் ஜவ்வரிசி ஆலைக் கொடுக்கல் வாங்கலும் இருக்கும்வரை இந்த நோட்டீஸ்கள் வந்துகொண்டேதான் இருக்கும். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138, 142 ஆகிய பிரிவுகளில் மூன்று கணக்கு உண்டு. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் பணம் கட்ட அவகாசம். அந்த 15 நாள் முடிந்த பின் ஒரு மாதத்துக்குள் புகார்.

தவறுகள் எல்லாம் இந்த மூன்றிலும்தான். 30 நாளைக் காசோலை தேதியிலிருந்து எண்ணுவார்கள். நோட்டீஸ் அனுப்பிய தேதியிலிருந்து 15 நாள் எண்ணுவார்கள். கடைசியில் வருவது 30 நாள் இல்லை, ஒரு மாதம் என்பதைக் கவனிக்க மாட்டார்கள். நோட்டீஸில் காசோலைத் தொகையைத் தெளிவாகக் கேட்காமல், வட்டி, செலவு, பழைய பாக்கி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்பது இன்னொரு தவறு. மேல்முறையீடு வரை போய் வழக்கு விழுவது இந்த ஒரு வரியால்தான். நாட்காட்டியை முன்னால் வைத்து, கற்பனையான தேதிகளைக் கொடுத்து, கணக்குப் போட வையுங்கள். மே மாதக் கோடை விடுமுறை சிவில் கோர்ட்டுகளுக்குத்தான், மாஜிஸ்திரேட் கோர்ட் நடக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பிராதில் அதிகக் கவனம் சொத்து விவரத்துக்கு. சர்வே எண், உட்பிரிவு, விஸ்தீரணம், நான்கு எல்லை ஆகியவற்றைக் கொண்டு நிலத்தை அடையாளம் காண முடிய வேண்டும் என்பது ஆணை 7 விதி 3. வழக்கு ஜெயித்து, தீர்ப்பை நிறைவேற்ற வரும் கோர்ட் ஊழியரான அமீனா நிலத்துக்குப் போய் நிற்கும்போது எல்லை பொருந்தவில்லை என்றால் அந்தத் தீர்ப்பால் கட்சிக்காரருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆகவே ஒரு பிராதாவது நிலத்தைப் பார்த்து எழுதப்பட வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தாவா ஏதாவது வந்தால் ஜூனியரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். சமவெளியில் வரப்பு இருக்கும், வாய்க்கால் இருக்கும். மலையில் ஓடையும் பாறையும் மரமும்தான் எல்லை. பத்திரத்தில் ஏக்கர் சென்ட், வருவாய்ப் பதிவேட்டில் ஹெக்டேர் ஏர்ஸ். சர்வே துறையின் புலப்பட நகலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையில் நடந்து, பத்திரத்தில் எழுதியிருப்பதையும் கண்ணால் பார்ப்பதையும் தனித்தனியாகக் குறித்து வரச் சொல்லுங்கள். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் யார் பக்கம் என்பதற்கே இரண்டு தலைமுறை சண்டை நடக்கிற இடம் அது. பத்திரத்தை மட்டும் வைத்து அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினால் இது ஒன்றும் தெரியாது. மலைவாழ் மக்களுக்கு அரசு ஒப்படை செய்த நிலமாக இருந்தால், கைமாற்ற நிபந்தனைகள் உண்டா என்று ஒப்படை உத்தரவைத் தேடிப் பார்க்கவும் அங்கேதான் பழக வேண்டும்.

திருத்தும்போது நீங்களே எழுதிவிடாதீர்கள். ஓரத்தில் கேள்வியாகக் குறியுங்கள்: 'இது யாருக்குத் தெரியும்?', 'இதற்கு எந்த ஆவணம்?', 'இந்தத் தேதி எங்கிருந்து வந்தது?' அவரே மறுபடி எழுதட்டும். இரண்டாம் தடவையும் சரியில்லை என்றால் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் பார்க்க நீங்கள் திருத்துங்கள். அவர் இல்லாதபோது நீங்கள் திருத்திய பிரதியை அவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

பழைய கணினிக் கோப்பை நகல் எடுத்து எழுதும் பழக்கத்தை முதல் வருடம் தடை செய்யுங்கள். பழைய கட்சிக்காரர் பெயரும் சர்வே எண்ணும் எங்காவது ஒரு பத்தியில் ஒட்டிக்கொண்டு கோர்ட் வரை போய்விடும். செயற்கை நுண்ணறிவுச் செயலி எடுத்துக் கொடுக்கும் தீர்ப்பு மேற்கோள்களுக்கும் கறாரான விதி வேண்டும். தீர்ப்பின் முழுப் பிரதியைத் திறந்து, அந்தப் பத்தியைத் தானே படித்த பிறகுதான் மனுவில் எழுதலாம். இல்லாத தீர்ப்பை இருப்பதுபோலவே அந்தச் செயலிகள் எழுதித் தரும்.

7. பழைய பிரிவு, புதிய பிரிவு

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷிய அதினியம் மூன்றும் நடைமுறையில் உள்ளன. குற்றம் நடந்தது அதற்கு முன்பென்றால் தண்டனைச் சட்டம் பழையதுதான். புதியவர்கள் வழக்குப் பதிவான தேதியைப் பார்க்கிறார்கள். முதலில் சம்பவத் தேதியைப் பார்க்கப் பழக்குங்கள்.

எண் குழப்பமும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதியதில் 482 முன்ஜாமீன், உள்ளார்ந்த அதிகாரம் 528. ஜாமீனுக்கு 437, 439 இருந்த இடத்தில் 480, 483. குற்றப்பத்திரிகை வராவிட்டால் 60 அல்லது 90 நாளில் கிடைக்கிற ஜாமீன் 167இலிருந்து 187க்குப் போயிருக்கிறது. மின்னணு ஆவணச் சான்றிதழ் 65பி இல்லை, 63. ஜூனியரே ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். அச்சிட்டு விற்பதை வாங்கி ஒட்டினால் மனதில் நிற்காது.

8. கட்சிக்காரர் முன்னால்

முதலில் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது. கட்சிக்காரர் சொல்கிற வரிசையில் ஒரு பக்கம், நடந்த தேதி வரிசையில் இன்னொரு பக்கம். இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் கேட்க வேண்டிய கேள்வி இருக்கும். சில மாதம் கழித்து முதல் கால் மணி நேரம் அவரையே கேட்க விடுங்கள்.

"கண்டிப்பா ஜெயிச்சுடலாம்" என்று சொல்லவே கூடாது. ஃபீஸைப் பற்றி ஜூனியர் பேசக் கூடாது. கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது சாக்ஷிய அதினியம் 132ஆம் பிரிவு. அது டீக்கடைக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்ஸ்டாகிராமில் 'வழக்கு இருந்தால் அணுகவும்' என்று போடுகிற இளைஞர்கள் இப்போது நிறைய. வக்கீல் விளம்பரம் செய்து வேலை தேடக் கூடாது என்ற பார் கவுன்சில் விதி 36ஐ அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள்.

பெண் ஜூனியரிடம் குடும்ப நல வழக்குகளை மட்டும் தள்ளிவிடும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. சொத்துத் தாவாவும் கொலை வழக்கும் பார்க்காமல் அவர் எப்படி முழு வக்கீலாவார்? "சார் வரலீங்களா?" என்று கட்சிக்காரர் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தால், "உங்க கேஸை மேடம்தான் நடத்துறாங்க" என்று நீங்கள் அவர் முன்னால் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாமல் அவர் எவ்வளவு திறமை காட்டினாலும் அந்தப் பார்வை மாறாது. மாலை வேலை எத்தனை மணியோடு முடியும் என்பதையும் முன்கூட்டியே வரையறுத்துவிடுங்கள். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் ஏழு மணிக்கு மேல் கேட்க வந்த சந்தேகத்தைக் கேட்காமலே எழுந்து போய்விடுவார்.

9. ஒரு கட்டை முழுதாகக் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். முதல் ஆண்டு முடிந்ததும் ஒரு சிறிய வழக்கை, நோட்டீஸ் முதல் தீர்ப்பு வரை, அவர் பெயரையும் வக்காலத்தில் (கட்சிக்காரர் வக்கீலை நியமிக்கும் பத்திரத்தில்) சேர்த்து ஒப்படையுங்கள். வெறும் தடையாணை வழக்கு, சின்னப் பணத் தாவா, ஜீவனாம்ச மனு இவற்றில் ஒன்று சரியாக இருக்கும். கட்சிக்காரரிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒதுக்குகிற வழக்குகளும் நல்ல வாய்ப்பு.

சாட்சி விசாரணைக்கு முந்தைய வாரம் உங்கள் வேலை அதிகம். குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், எந்த எழுவினாவுக்காக, எந்தப் பதில் வேண்டும், வேறு பதில் வந்தால் எந்த ஆவணத்தைக் காட்டுவது என்று இருக்க வேண்டும். மூன்றில் எதற்கும் பதில் இல்லாத கேள்வியை அடித்துவிடுங்கள். புதியவர்கள் எழுதி வருகிற கேள்விகளில் பெரும்பகுதி, சாட்சி சீஃபில் சொன்னதையே திரும்பச் சொல்ல வைப்பவை. அவை எதிர்தரப்புக்குத்தான் உதவும்.

"ஏன்?" என்று சாட்சியைக் கேட்கிற ஆசை எல்லா ஜூனியருக்கும் வரும். ஏன் என்று கேட்டால் சாட்சி ஒரு பத்தி விளக்கம் சொல்வார், அது அப்படியே பதிவாகும். அப்புறம் முரண்பாடு காட்டும் முறை. போலீஸ் முன்பு சொன்னதற்கு மாறாகச் சாட்சி பேசினால், வாக்குமூலத்தின் அந்தப் பகுதியைக் குறிப்பிட்டுச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 145, இப்போது சாக்ஷிய அதினியம் 148. பொதுவாக "முன்பு வேறு மாதிரி சொன்னீர்களா" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தால், வாதத்தில் அதைப் பயன்படுத்த முடியாது. அலுவலகத்தில் நீங்கள் சாட்சியாக உட்கார்ந்து, எடக்காகவே பதில் சொல்லிப் பழக்குங்கள்.

அந்த நாளன்று கோர்ட்டில் அவர் பக்கத்தில் இருங்கள், ஆனால் எழுந்து குறுக்கே பேசாதீர்கள். தவறாகப் போகிறது என்றால் சீட்டு எழுதி நீட்டுங்கள். கட்சிக்காரரின் உரிமையே பறிபோகும் என்ற நிலையில் மட்டும் எழுந்திருங்கள்.

10. கண்டிப்பது எங்கே, எப்போது

கோர்ட் ஹாலில் வேண்டாம், கட்சிக்காரர் முன் வேண்டாம், குமாஸ்தா முன் வேண்டாம். மாலை அலுவலகத்தில், கட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். 'உனக்கு அக்கறையே இல்லை' என்பதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. 'நாலாவது பத்தியில் அனுபவம் எப்போது தொடங்கியது என்று எழுதாமல் விட்டிருக்கிறாய்' என்பதில் இருக்கிறது.

தவறு நடந்தால் அன்றே வந்து சொல்ல வேண்டும் என்பதும், சொன்னால் திட்டு விழாது என்பதும் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். எக்ஸ்பார்ட்டி ஆன அன்றே தெரிந்தால் 30 நாள் கையில் இருக்கும். பயந்துகொண்டு ஒன்றரை மாதம் மறைத்தால் தாமதத்தை மன்னிக்கவும் தனி மனு போட வேண்டும், அதற்குக் காரணமும் தேட வேண்டும்.

11. மூன்றாம் ஆண்டும் அதற்குப் பிறகும்

இந்தக் கட்டத்தில் எந்தப் பக்கம் போகப் போகிறார் என்று கேளுங்கள். மோட்டார் விபத்து இழப்பீடு, வருவாய்த் துறை மேல்முறையீடு, குற்றவியல், குடும்ப நலம் என எதுவாக இருந்தாலும், அந்தத் துறையில் உங்களை விடத் தெரிந்த ஒரு சீனியர் ஊரில் இருந்தால் அவரிடம் சில மாதம் அனுப்பத் தயங்காதீர்கள்.

சிவில் நீதிபதித் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு 2025 மே மாதத்துக்குப் பிறகு உங்கள் பங்கு கூடியிருக்கிறது. நுழைவு நிலை நீதிபதி பதவிக்கு மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி கொண்டுவந்துவிட்டது. பத்து ஆண்டு அனுபவம் உள்ள வக்கீல் சான்று தந்து, நீதித்துறை அதிகாரி மேலொப்பம் இட வேண்டும். அனுபவம் தற்காலிகப் பதிவுத் தேதியிலிருந்தே கணக்கு. சான்று கேட்டு வரும்போது யோசிக்காமல் இருக்க, அவர் ஆஜரான வழக்குகளின் பட்டியலை முதல் நாளிலிருந்தே அவர் எழுதி வரட்டும். எண், தேதி, என்ன செய்தார் என்ற மூன்றும் போதும்.

தனியாக அலுவலகம் போடப் போகிறேன் என்று சொன்னால் கோபப்படாதீர்கள். மூன்று மாதம் முன்பே சொல்லும்படி சேரும்போதே பேசி வைத்திருந்தால் சிக்கல் வராது. அவர் பெயர் வக்காலத்தில் உள்ள வழக்குகளைப் பட்டியல் போட்டு, எவை உங்களிடம் இருக்கும், எவை அவரோடு போகும் என்பதைக் கட்சிக்காரரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முடிவு கட்சிக்காரருடையது. ஆணை 3 விதி 4இன்படி வக்கீலின் நியமனம் கோர்ட் அனுமதியோடு முடியும்வரை தொடரும் என்பதால், வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல் வக்காலத்து மாற்றத்தை ஒவ்வொரு கட்டிலும் தாக்கல் செய்துவிடுங்கள். அவரிடம் உள்ள கட்டுகள், அசல் ஆவணங்கள், சாவி, இ-ஃபைலிங் கடவுச்சொல் எல்லாவற்றுக்கும் இரண்டு பேரும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்று, காலக்கெடு நோட்டில் அவர் பெயரில் உள்ள தேதிகளை அடுத்த ஜூனியருக்கு மாற்றிய பக்கம் ஒன்று. இந்த இரண்டையும் அவர் கடைசியாக வரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே முடித்து வையுங்கள்.